வழக்குரைஞர் தொழில் ஒழுங்கும் கட்சிக்காரர் பாதுகாப்பும்

கடையில் துணி வாங்குபவர் அதன் தரத்தைத் தொட்டுப் பார்த்து அறியலாம். சட்டப் பணியின் தரத்தை அவ்வாறு அறிய இயலாது. வழக்குத் தோற்றது சட்ட நிலையினாலா, வழக்குரைஞரின் கவனக்குறைவினாலா என்பது கட்சிக்காரருக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் போட்டி ஒன்றே நேர்மையைக் காத்துவிடாது என்பது பொருளியலார் கண்ட உண்மை. இத்தொழிலுக்குச் சட்டபூர்வமான ஒழுங்குமுறை தேவைப்படுவது இதனாலேயே.

ஒரே வகுப்பு, ஒரே பட்டியல்

வக்கீல், பிளீடர், முக்தியார், அட்டர்னி எனப் பல வகுப்பினராகப் பிரிந்திருந்த தொழிலை 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டம் ஒருங்கிணைத்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் எஞ்சியிருந்த அட்டர்னி முறையும் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முடிவுற்றது. மாநில பார் கவுன்சில்கள் வழக்குரைஞர்களின் பெயர்களைப் பதிவு செய்கின்றன. நடத்தை விதிகளை இந்திய பார் கவுன்சில் வகுக்கிறது.

அரசை எதிர்த்தும் வாதாட வேண்டியவர்கள் வழக்குரைஞர்கள். அவர்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசிடமே இருப்பின் அச்சுதந்திரம் குன்றும். ஆகவே அப்பொறுப்பு தொழிலாளரே தேர்ந்தெடுக்கும் அமைப்புகளிடம் விடப்பட்டது.

நிறுவனமா, தனிநபரா?

இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுடன் அவர்களது நிறுவனங்களும் ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்று இயங்குகின்றன. நம் நாட்டுச் சட்டமோ, அடிப்படையில், பட்டியலில் உள்ள தனிநபரையே பொறுப்பாக்குகிறது. வழக்குரைஞரல்லாதாருடன் கூட்டுச் சேர்ந்து ஊதியத்தைப் பகிர்ந்துகொள்வதை விதிகள் தடுக்கின்றன. எனவே, பெரிய நிறுவனத்தை நாடும் கட்சிக்காரரும் தம் பணியை ஏற்ற வழக்குரைஞர் யார் என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

பணமும் ஆவணமும்

கட்சிக்காரரின் பணத்திற்கு வழக்குரைஞர் கணக்கு வைத்திருக்க வேண்டும். கேட்டால் அதன் நகலைத் தர வேண்டும். கைவசமுள்ள அப்பணத்தைத் தாம் பெற்ற கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது. வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், வழக்கில் கிடைக்கும் பொருளில் பங்கு கோருவதும் தடை செய்யப்பட்டுள்ளன. கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்குரைஞருக்கு இல்லை என உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வேறு வழக்குரைஞரை நாட விரும்பும் ஏழைக் கட்சிக்காரருக்கு இத்தீர்ப்பு பெருந்துணையாகும்.

முறையீட்டின் பாதை

புகார் முதலில் மாநில பார் கவுன்சிலுக்குச் செல்கிறது. முகாந்திரம் இருப்பதாகக் கவுன்சில் கருதினால், 35ஆம் பிரிவின்கீழ் மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதனை விசாரிக்கும். கண்டித்தல், குறிப்பிட்ட காலத்திற்குத் தொழில் புரியத் தடை விதித்தல், பட்டியலிலிருந்து பெயரை நீக்குதல் ஆகிய தண்டனைகளை அது விதிக்கலாம். புகார் பெற்ற ஓராண்டிற்குள் விசாரணை முடிவுறாவிடில், அது இந்திய பார் கவுன்சிலின் குழுவிற்கு மாற்றப்பட வேண்டும். மாநிலக் குழுவின் ஆணையை எதிர்த்து 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலிடமும், அதன்பின் மேலும் 60 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்திடமும் மேல்முறையீடு செய்யலாம்.

எஞ்சும் இடைவெளி

இத்தண்டனைகள் தொழிலின் தூய்மையைக் காக்கின்றன. ஆயின் கட்சிக்காரரின் இழப்பை ஈடுசெய்வதில்லை. காலக்கெடு கடந்ததால் மேல்முறையீட்டை இழந்தவருக்கு, வழக்குரைஞர் தண்டிக்கப்படுவதால் மட்டும் நிலம் திரும்பக் கிடைத்துவிடாது. வழக்குரைஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வராது என உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்ததால் அவ்வழியும் அடைபட்டது. கவனக்குறைவிற்கு இழப்பீடு கோருவோர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியுள்ளது. ஒரு வழக்கினால் நொந்தவர் மற்றொரு வழக்கைத் தொடுப்பது எளிதன்று.

தொழிலின் சுதந்திரத்திற்காக அளிக்கப்பட்ட தன்னாட்சி, பொதுமக்களின் நம்பிக்கையாலேயே நிலைபெறும். புகார்களை உரிய காலத்தில் தீர்ப்பது அந்நம்பிக்கைக்கு முதற்படி. கட்சிக்காரரும் கொடுத்த பணத்திற்கு ரசீதும் ஒப்படைத்த ஆவணங்களுக்கு ஒப்புகையும் பெற்று வைத்திருத்தல் வேண்டும். சான்றில்லாத புகார் எந்தக் குழுவின் முன்பும் நிற்பது அரிது.