மாடிப்படிக்கு அடியில் ஸ்டோர் ரூமா? ஈரம் எங்கிருந்து வருதுன்னு ஒரு பிளாஸ்டிக் ஷீட் சொல்லிடும்!

கொலு முடிந்து கட்டி வைத்த பொம்மைகள், கல்யாண ஆல்பம், வீட்டுப் பத்திரம் இருக்கும் சூட்கேஸ்... தனி வீடுகளில் இதெல்லாம் போய்ச் சேரும் இடம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன ரூம்தான். ஐப்பசி மழை ஓய்ந்து கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை. அட்டைப்பெட்டிக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள்.

"நாலு பூச்சி உருண்டை போட்டா சரியாயிடும்" என்று நினைக்கிறீர்களா? அது பூச்சியைத்தான் விரட்டும். ஈரத்தை உறிஞ்சாது.

அங்கே மட்டும் ஏன்?

வெயில் படாது, ஜன்னல் இருக்காது, கதவு எப்போதும் மூடியே இருக்கும். வடகிழக்கு பருவமழை நேரத்தில் சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். வீட்டுக்குள் 60 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

ஈரம் வரும் 3 வழிகள்

1. தரை: விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, மண்ணில் உள்ள ஈரத்தைச் செங்கல் சுவர் மேலே இழுக்கும். கீழிருந்து 2, 3 அடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

2. கசிவு: படிக்கட்டு விரிசல், பக்கத்து பாத்ரூம் குழாய், தண்ணீர் சம்ப். ஈரம் ஒரே இடத்தில் திட்டாகத் தெரியும்.

3. காற்று: ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரிலோ தரையிலோ வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவர் அல்லது தரைக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் காற்றில்தான் பிரச்னை.

என்ன செய்யலாம்?

சுவரில் ஈரம் என்றால் உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரம் உள்ளேயே இருக்கும், சில மாதத்தில் பெயின்ட் உரிந்துவிடும். முதலில் கசிவை அடையுங்கள். வெளியே சுவர் ஓரம் மழைநீர் தேங்காமல் வாட்டம் கொடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச்சு வேலை.

காற்றில் ஈரம் என்றால், மழை பெய்யும்போது "காத்தோட்டமா இருக்கட்டும்" என்று கதவைத் திறக்காதீர்கள். ஈரக்காற்று இன்னும் உள்ளே வரும். வெயில் அடிக்கும் மதியத்தில் திறந்து, ஃபேன் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் கடைகளில் கிடைக்கின்றன. அதில் சேரும் நீரை அவ்வப்போது கொட்ட வேண்டும்.

பொருட்களை எப்படி வைப்பது?

சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி, பலகை மேல் வையுங்கள். அட்டைப்பெட்டி வேண்டாம், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி நல்லது. ஆனால் நன்றாகக் காய்ந்த பொருளை மட்டும் அதில் வையுங்கள். பட்டுப்புடவையைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். வீட்டுப் பத்திரத்தை அங்கே வைக்கவே வேண்டாம். நகல் பிறகு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வீட்டை வைத்துக் கடன் வாங்கப் போனால் பேங்கில் அசல்தான் கேட்பார்கள்.

இதில் கவனம்!

ஈபி மீட்டர், இன்வெர்ட்டர் அங்கேயே இருந்து சுவரும் ஈரமாக இருந்தால் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பூஞ்சையைத் துடைக்கும்போது மாஸ்க், கையுறை அவசியம். ப்ளீச்சிங் பவுடருடன் பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்த மழைக்கு முன்னாடி ஒருமுறை, கீழே இருக்கும் பெட்டியைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால், பிளாஸ்டிக் ஷீட்டை எடுக்க வேண்டிய நேரம் வந்தாச்சு!