இரவு வழியும் மலை வழியும்

மாமல்லபுரத்துக் கடற்கரையிலிருந்து ஏலகிரி மலைக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர். இந்த வழியை மோட்டார் சைக்கிளில், அதுவும் இரவில், கூட்டமாகக் கடந்து செல்வதில் இக்காலத்து இளைஞர்களுக்குப் பெருவிருப்பம் உண்டு. சனிக்கிழமை இரவு கடலோரத்தில் புறப்படுவார்கள். ஞாயிறு விடியும்போது மலையடியில் இருப்பார்கள். வெயில் இல்லை, ஊர்களில் நெரிசல் இல்லை, விடுமுறை நாளும் வீணாவதில்லை. இந்த விருப்பத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நண்பர்கள் எழுவரோடு எட்டாமவனாக நானும் இவ்வழியே சென்று வந்திருக்கிறேன். ஆனால், இரவுப் பயணத்துக்கென்று ஒரு கல்வி உண்டு. அதைக் கல்லாமல் புறப்படுவோர் மீண்டு வருவது தற்செயலே. பதினெட்டு வயது நிரம்பி, உரிமம் பெற்று, முதன்முறையாக இத்தகைய பயணத்தை எண்ணும் மாணவர்களுக்கு அந்தக் கல்வியின் சில பாடங்களை இங்கே சொல்ல விழைகிறேன்.

முதலில் வழியைப் பார்ப்போம். மாமல்லபுரத்தை விட்டு மேற்கே சென்றால் திருக்கழுக்குன்றம். அடுத்து, கொளவாய் ஏரிக்கரையில் அமைந்த செங்கற்பட்டு. பிறகு வாலாஜாபாத், காஞ்சிபுரம். காஞ்சிக்கு அப்பால் பெங்களூர் நெடுஞ்சாலையில் சேர்ந்து, வாலாஜாப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று செல்கிறோம். இவ்வூர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்; இவற்றை ஒன்றாகக் கோத்திருப்பது பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் அந்த ஆறு 348 கிலோமீட்டர் ஓடி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே வயலூருக்கு அருகில் கடலில் கலக்கிறது. ஆகவே நம்முடைய பயணம், முகத்துவாரத்தின் பக்கத்தில் தொடங்கி, ஆற்றை எதிர்த்து மேலேறுகின்ற பயணம். வாலாஜாப்பேட்டை வரையில் ஆறு நமக்கு இடப்புறம். அதை அடுத்துப் பாலத்தைக் கடந்தால் வலப்புறம். பெரும்பாலான மாதங்களில் அதில் நீரைக் காண முடியாது. நிலவொளியில் வெண்மணலைக் காணலாம்.

ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே செல்வதால் ஏற்றம் மிக மெல்லியது. காஞ்சிபுரம் கடல்மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர்கூட இல்லை. வேலூர் ஏறக்குறைய 220 மீட்டர். ஆம்பூர் 300 மீட்டருக்குச் சற்று மேல். மலையடியிலுள்ள பொன்னேரியை அடையும்போது 400 மீட்டர் அளவுக்கு வந்திருப்போம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஏறியது இவ்வளவுதான். எஞ்சிய 700 மீட்டர் உயரத்தையும் கடைசிச் சில கிலோமீட்டரில், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் தீர்க்க வேண்டும். இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வழியின் கடினமான பகுதி, ஓட்டுபவர் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில் வருகிறது. பயணத் திட்டம் முழுவதையும் இந்த ஓர் உண்மையை வைத்தே வகுக்க வேண்டும்.

அடுத்து, ஒளியும் கண்ணும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். சாலையில் ஒரு தடையைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிரேக்கைப் பற்றுவதற்கு விழிப்பாக இருப்பவருக்கே ஒரு விநாடியாகும். அதற்குள் வண்டி 17 மீட்டர் சென்றுவிடும். அதன்பின் உலர்ந்த நல்ல சாலையில் வண்டி நிற்க ஏறக்குறைய 23 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 40 மீட்டர். மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு, தாழ்ந்த ஒளியில் தெளிவாகக் காட்டுவதும் பெரும்பாலும் 40, 50 மீட்டர்தான். எனவே 60 கிலோமீட்டரில் செல்பவர் தம் பார்வையின் எல்லைக்குள் நிற்க முடியும். வேகத்தை 80 ஆக்கிப் பாருங்கள். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு. நிற்கும் தூரமோ 63 மீட்டராகிவிடுகிறது. பிரேக்குப் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் இருபடியைப் பொறுத்து வளர்வதே இதற்குக் காரணம். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியைக் கண்டபோதே மோதல் உறுதியாகிவிட்டது என்று பொருள். நெடுஞ்சாலையில் அத்தகைய லாரிகள் எத்தனை நிற்கின்றன என்பது இரவில் சென்றவர்களுக்குத் தெரியும்.

கண்ணுக்கும் ஒரு நியதி உண்டு. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்தால், இருளில் காணும் திறன் முழுமையாக வருவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகிறது. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோலணுக்களில் ஒரு நிறப்பொருள் மெல்ல மெல்லத் திரும்பச் சேர வேண்டும். எதிரே வரும் வண்டியின் உயர்ந்த ஒளி ஒரு கணம் கண்ணில் பட்டால், சேர்ந்தது கரைந்துபோகிறது. அவ்வேளையில் விளக்கை உற்றுப் பார்க்காமல், சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வேகத்தைத் தணிக்க வேண்டும். கீறல் விழுந்த முகக்கண்ணாடியும் கறுப்புக் கண்ணாடியும் இரவில் பகைவர்கள். வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் ஊர் இருக்கிறது. 1986ஆம் ஆண்டில் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி தொடங்கிவைக்கப்பட்டது. வானியலார் அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு அங்குள்ள தெளிந்த, இருண்ட வானமும் ஒரு காரணம். விண்மீனைத் தேடுவோர் நாடும் அதே இருள், சாலையில் செல்வோருக்கு எச்சரிக்கையாகிறது.

இனி, கூட்டமாகச் செல்லும் முறை. எட்டுப் பேர் சேர்ந்து சென்றால் அது எட்டுத் தனிப் பயணம் அன்று. முன்னே செல்பவர் வழி அறிந்தவர். கடைசியில் வருபவர் அனுபவம் மிகுந்தவர், கருவிப் பையும் முதலுதவிப் பெட்டியும் உடையவர். புதியவர்கள், தலைவருக்கு அடுத்தபடியாகச் செல்வார்கள். எட்டுக்கு மேற்பட்டால் இரண்டு குழுக்களாகப் பிரிவது நல்லது. நேரான அகன்ற சாலையில் ஒருவர் பின் ஒருவராக ஒரே கோட்டில் செல்லாமல், தலைவர் தம் தடத்தின் வலப்புறமும், அடுத்தவர் இடப்புறமும், மூன்றாமவர் மீண்டும் வலப்புறமுமாகச் செல்ல வேண்டும். பக்கவாட்டில் முன்னே செல்பவரிடமிருந்து ஒரு விநாடி இடைவெளி. நேர் முன்னே செல்பவரிடமிருந்து இரண்டு விநாடி. இதனால் ஒவ்வொருவருக்கும் முன்னால் வெற்றிடம் கிடைக்கிறது. வளைவிலும் பாலத்திலும் குறுகிய சாலையிலும் இந்த அமைப்பைக் கலைத்து ஒற்றை வரிசையாகிவிட வேண்டும்.

இரவில் ஒருவர் பின்தங்கினால் எப்படி அறிவது? இதற்கு மிக எளிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவரின் விளக்கைத் தம் பக்கக் கண்ணாடியில் அடிக்கடி பார்க்க வேண்டும். அந்த விளக்கு மறைந்தால், வேகத்தைக் குறைக்க வேண்டும். அவர் குறைத்ததும் அவருக்கு முன்னால் இருப்பவரின் கண்ணாடியிலும் விளக்கு மறையும்; அவரும் குறைப்பார். இவ்வாறு செய்தி கடைசியிலிருந்து தலைவர் வரையில், கைப்பேசி இல்லாமலே, தானாகச் சென்று சேரும். பின்னால் இருப்பவரைக் காப்பது முன்னால் இருப்பவரின் கடமை என்ற ஒரே விதி, முழுக் குழுவையும் பிணைத்துவிடுகிறது. பெட்ரோலுக்கும் இதே கணக்குத்தான்: எந்த வண்டியின் தொட்டி மிகச் சிறியதோ அதைக் கொண்டே நிறுத்தங்களைக் குறிக்க வேண்டும்.

மற்றொன்று தூக்கம். நம் உடலுக்குள் ஒரு நாட்கடிகாரம் ஓடுகிறது. அதன்படி, பின்னிரவு 2 மணிமுதல் 5 மணிவரை விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். எவ்வளவு உறுதி படைத்தவராயினும் இதற்கு விலக்கு இல்லை. கண்கள் திறந்திருக்கும்போதே மூளை மூன்று, நான்கு விநாடி உறங்கிவிடுவதுண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்பது 50 மீட்டர். ஓட்டுபவர் இல்லாமலே வண்டி ஓடும் 50 மீட்டர். அதைவிடக் கொடியது, தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குத் தம் நிலையை மதிப்பிடும் ஆற்றலும் மங்கிவிடுகிறது.

நாங்கள் சென்ற இரவில் இதைக் கண்ணால் கண்டோம். பள்ளிகொண்டாவைக் கடந்து சிறிது நேரம் இருக்கும், மணி மூன்றரை. எங்களுள் இளையவர் ஒரு கல்லூரி மாணவர். அவருடைய வண்டி இருமுறை ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தொட்டு மீண்டது. பின்னால் வந்தவர் அதைக் கண்டு விளக்கை மின்னி வேகத்தைக் குறைத்தார். நான் சொன்ன சங்கிலி வேலை செய்தது. தலைவர் ஒரு தேநீர்க் கடையின் முன் ஒதுங்கினார்.

"எனக்குத் தூக்கமே இல்லை, அண்ணா. இப்போது நின்றால் மலைமேல் சூரியோதயம் கிடைக்காது" என்றார் அந்த இளைஞர்.

"சூரியன் நாளைக்கும் உதிப்பான், தம்பி. டீயைக் குடித்துவிட்டுப் படு" என்றார் தலைவர்.

தேநீருக்குப் பின் உடனே படுக்கச் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. தேநீரிலுள்ள காஃபீன் உடலில் வேலை செய்ய இருபது, முப்பது நிமிடமாகும். அதற்குள் ஒரு சிறு தூக்கம் முடிந்துவிடும். இரண்டின் பயனும் ஒருங்கே கிடைக்கும். அந்த மாணவர் பெஞ்சில் சாய்ந்த மறுகணமே உறங்கிப்போனார். தூக்கமே இல்லை என்றவர் அவர்! அவரைப் பார்த்து வேறு இருவரும் உறங்கினர். நேரம் போகிறதே என்று ஒருவர் முகம் சுளித்ததும் உண்மை. நாற்பது நிமிடத்துக்குப் பின் எழுந்து, முகம் கழுவி, சற்று நடந்து, பிறகே புறப்பட்டோம். ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் செல்லும்போதே எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் எழுந்துவிட்டது. ஏலகிரிச் சூரியோதயத்தை நாங்கள் காணவில்லை; எண்மரும் ஏலகிரியைக் கண்டோம்.

மலைப்பாதையை இருளில் ஏறக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. பொழுது புலர்ந்த பின்பே ஏறத் தொடங்க வேண்டும். அப்பாதையின் வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னதாகவே வேகத்தைத் தணித்து, தாழ்ந்த கியருக்கு மாற்றி, ஒலியெழுப்பி, தம் பக்கத்தை விட்டு விலகாமல் திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். கண், சக்கரத்தின் அடியைப் பாராமல் வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும்; கண் செல்லும் திசையில் கை செல்லும். மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்கே கீழிறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

இறங்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிவில் ஓடவிடுவது பெட்ரோலை மிச்சப்படுத்தும் சாமர்த்தியம் அன்று. முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுந்து, அது சூடேறி, பிடிப்பை இழந்துவிடும்.

உயரத்தின் விளைவையும் கவனிக்கலாம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைவதால், மலையடிக்கும் உச்சிக்கும் நான்கைந்து டிகிரி வேறுபாடு உண்டு. கடலோரத்தில் வியர்த்து நனைந்த சட்டையோடு வந்தவருக்கு அது பெருங்குளிராகத் தோன்றும். ஏலகிரியில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. லடாக்கில் 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கார்துங் லா கணவாயில் அழுத்தம் பாதியளவாகிவிடுகிறது; அங்கே எஞ்சினும் மனிதனும் ஒருங்கே மூச்சுத் திணறுவர்.

அந்தப் பனிமலைகளில் ஏறும் வண்டிகளுள் பல, நம் செங்கற்பட்டுக்கு அருகிலிருந்தே செல்கின்றன. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் வண்டிகளைச் செய்தது. 2013இல் ஒரகடத்திலும் உற்பத்தியைத் தொடங்கியது. வண்டிகள் முன்னேறியிருக்கின்றன. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. ஆனால், தூங்கும் மனிதனை விழிக்கச் செய்யும் சட்டமோ கருவியோ அவ்வண்டிகளில் இல்லை. அந்த வேலையை உடன் வருபவர்தாம் செய்ய வேண்டும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, இத்தகைய பயணத்துக்குத் துணை தேடும்போது, யார் வேகமாக ஓட்டுவார் என்று கேளாதீர்கள். "நான் களைத்துவிட்டேன், நிற்போம்" என்று நீங்கள் சொன்னால் யார் முகம் கோணாமல் நிற்பார் என்று பாருங்கள். அப்படிப்பட்ட ஐந்தாறு பேர் கிடைத்தால், பாலாற்றின் கரையோடு தாராளமாகப் புறப்படுங்கள்.