தலையணைப் பாறைகள்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் வர்க்கலைக் கடற்கரையில் செங்குன்றுகள் சுவர்போல் உயர்ந்து நிற்கின்றன. அவை மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை. எல்லாப் பாறைகளும் இவ்வாறு தோன்றுவதில்லை. எரிமலைக் குழம்பு இறுகித் தோன்றிய பாறைகளும் உண்டு. குழம்பு எங்கே இறுகியது என்பதை அப்பாறைகளின் வடிவமே நமக்கு உணர்த்தும்.

கடலடி எரிமலை கக்கும் குழம்பு குளிர்ந்த நீரைத் தொட்டவுடன், அதன் மேற்பரப்பு ஓடுபோல் இறுகுகிறது. உள்ளிருக்கும் குழம்பு அவ்வோட்டைப் பிளந்து பிதுங்குகிறது. அதுவும் உடனே இறுகுகிறது. இவ்வாறு திரண்ட உருண்டைகள் தலையணைகளை அடுக்கியதுபோல் அமைகின்றன. ஆதலின் அவற்றைத் தலையணைப் பாறைகள் என்பர்.

கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்து மரடிஹள்ளியில் இத்தகைய பாறைகள் உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இன்று அவ்வூர் கடலுக்கு வெகு தொலைவில் உள்ளது. ஆயினும், முன்னொரு காலத்தில் அங்கே கடல் இருந்தமைக்கு அப்பாறைகளே சான்று.

உடுப்பியை அடுத்த மால்பே கடலிலுள்ள புனித மேரித் தீவுகளிலோ எரிமலைப் பாறைகள் பலகோணத் தூண்களாக நிற்கின்றன. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தில், நிலத்தின்மேல் பரவிய குழம்பு மெல்லக் குளிர்ந்து சுருங்கியதால் அவ்வடிவம் பெற்றது.

இம்மூன்று இடங்களையும் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்துள்ளது. பெயர்த்தெடுத்த கல்லை மீண்டும் அவ்விடத்தில் விளைவிக்க எவராலும் இயலாது. எனவே, கண்டு கற்போம்; சிதையாமல் காப்போம்.

அருஞ்சொற்பொருள்: சான்று – ஆதாரம், பிதுங்குதல் – உள்ளிருந்து நெருக்குண்டு வெளிவருதல்.

சிந்தித்து எழுதுக: மரடிஹள்ளிப் பாறையும் மேரித் தீவுப் பாறையும் வடிவில் வேறுபடுவது ஏன்?