எல்லையில் ஓடும் கார்: மிச்சம் பம்பில் இல்லை

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளை பெட்ரோல் பம்புகளில் கேரளத்தின் கேஎல் 19, கேஎல் 20 எண் வண்டிகள் நிற்பதைப் பார்க்காதவர் அந்தப் பக்கத்தில் குறைவு. முதலாவது பாறசாலைப் பதிவு, அடுத்தது நெய்யாற்றின்கரை. எல்லை தாண்டி அந்த வண்டிகளை வரவழைப்பது வரி. தமிழ்நாடு பெட்ரோலுக்கு 13 சதவீதமும், லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாங்குகிறது. கேரளத்தின் விற்பனை வரியோ 30 சதவீதத்தைத் தாண்டும். அதன் தலையில் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் ஏறியது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டிலேயே பெட்ரோல் வரியில் 3 ரூபாயைக் குறைத்துவிட்டது.

லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 35 லிட்டர் அடித்தால் 175 ரூபாய் மிச்சம். பாறசாலைக்காரருக்கு எல்லை கூப்பிடு தூரம். அவருக்கு அது லாபம்தான். நெய்யாற்றின்கரையிலிருந்து இதற்கென்றே கிளம்பினால் போக வர 25 கிலோமீட்டருக்குக் குறையாது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி அந்தப் பயணத்திலேயே மிச்சம் பிடித்ததைக் குடித்துவிடும். மார்த்தாண்டத்துக்கு வேலைக்குப் போகிறவர் வழியில் அடித்துக்கொள்ளட்டும். பெட்ரோலுக்காகவே காரை எடுக்கிறவர் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

உண்மையில் பணம் கரைவது வேறிடத்தில். இந்த ஊர்களில் கார் ஓடும் விதத்தைப் பாருங்கள்: வீட்டிலிருந்து சந்தை, சந்தையிலிருந்து பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோவிலோ சர்ச்சோ. எல்லாம் மூன்று நான்கு கிலோமீட்டர், இரண்டாவது மூன்றாவது கியரில் ஏறி இறங்கும் குறுகிய சாலைகள். பழைய டீசல் வண்டி இதைப் பொறுத்துக்கொள்ளும். 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ் 6 டீசல் பொறுக்காது.

காரணம் டிபிஎஃப். சைலன்சர் குழாயில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது இது நடப்பதே நமக்குத் தெரியாது. குட்டை ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. அப்போது எஞ்சின் கூடுதல் டீசலைப் பீய்ச்சி வடிகட்டியைச் சூடாக்கப் பார்க்கும். பாதி எரியும்போது வீடு வந்துவிடும், நாம் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறியிருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஆயில் நீர்த்துவிட்டது, மசகுத்தன்மை போய்விட்டது என்று பொருள்.

மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரை தேசிய நெடுஞ்சாலை 66-இன் பைபாஸ் கான்கிரீட்டில் பதினாறு கிலோமீட்டர் நீள்கிறது. வாரம் ஒருமுறை அதில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் போதும். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றைக்கே ஓட்டுங்கள், நடுவில் அணைக்காதீர்கள். விளக்கைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் ஓட்டி வடிகட்டி முழுசாக அடைத்துக்கொண்டால், மாற்றும் செலவு பல வருடம் பம்பில் பிடித்த மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும். ஆயிலும் கண்டதை ஊற்றக் கூடாது. சாம்பல் குறைவாகத் தரும் தரத்தைக் கையேட்டில் குறிப்பிட்டிருப்பார்கள். பழக்கமான ஒர்க்‌ஷாப்காரர் 'இதுவும் நல்ல ஆயில்தான்' என்றால் டின்னில் அச்சிட்ட தரத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வருடத்துக்கு 4,000 கிலோமீட்டரே ஓடும் வீட்டில் டீசல் கார் வாங்கியதே தவறு என்பேன், ஆனால் வாங்கியாயிற்றே.

பெட்ரோல் வண்டிக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் கவனிக்க வேண்டியது எத்தனால். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கும் இந்த மண்ணில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பாதி டாங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் கார் ஒருநாள் இருமிக்கொண்டு கிளம்பினால் ஆச்சரியமில்லை.

அப்படி நிற்கும் கார்கள் இங்கே நிறைய. வளைகுடாவில் இருப்பவர் ஊருக்கு வரும்போது ஓட்டத்தான் வாங்கி வைத்திருப்பார். சாவி இல்லாமல் திறக்கும் கதவும் அலாரமும், கார் தூங்கும்போதும் பாட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். தம்பியோ மச்சானோ வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பயனில்லை, பாட்டரி இன்னும் இளைக்கத்தான் செய்யும். அரை மணி நேரம் வெளியே ஓட்ட வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் மழை ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும்; கியரில் விட்டு டயருக்குக் கல் வைப்பதே நல்லது. பூவாறு, பொழியூர்ப் பக்கமாக உள்ளவர்கள் கடற்காற்றின் உப்பை அடிப்பாகத்திலிருந்து நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பொனெட்டுக்குள் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாகப் பதிவு எண். டிஎன் 74 நாகர்கோவில், டிஎன் 75 மார்த்தாண்டம். இந்த எண்ணோடு பாறசாலை வீட்டு முற்றத்தில் நிற்கும் கார்கள் பல. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைக்கோடு போட்டபோது உறவுகள் இரு பக்கமும் பிரிந்து நின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் தொடர்கிறது, கார்களும் அதே வழியில் போய் வருகின்றன. ஓட்டுவதில் தவறில்லை, ஒரு மாநிலப் பதிவு இந்தியா முழுதும் செல்லும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-வது பிரிவுப்படி, வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதுப்பதிவு எண் வாங்க வேண்டும். பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் அது நடக்காது; அந்தச் சான்று 28-ஆம் எண் படிவத்தில் வரும்.

எல்லைக்கு அப்பால் பழைய கார் பார்க்கிறவர் விலை பேசுமுன் அந்தச் சான்றைப் பற்றிக் கேளுங்கள். வங்கிக் கடன் தீர்ந்ததா, கட்டாத அபராதம் உண்டா என்பதையும் பரிவாகன் தளத்தில் பாருங்கள். கேரளச் சாலைகளில் 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கும் 726 கேமராக்களுக்கு டிஎன் எண்ணும் கேஎல் எண்ணும் ஒன்றுதான். முன்பு ஓட்டியவர் கட்டாமல் விட்ட அபராதமும் அந்த வண்டி எண்ணின் கணக்கிலேயே நிற்கும்.