புகைக்கல் ஓரத்தில் ஒரு விருந்தினர் இல்லம்

ஒகேனக்கல் என்றவுடன் நம் வாசக அன்பர்களுக்கு அருவியும், எண்ணெய்க் குளியலும், பொரித்த மீனும், பரிசலுமே நினைவுக்கு வரும். கன்னட மொழியில் 'ஹொகே' என்றால் புகை. நீர் பாறையில் மோதிப் புகையாய் எழுவதால் அவ்விடம் புகைக்கல் ஆயிற்று. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 45 கிலோ மீட்டர் சென்றால் சின்னாறு காவிரியோடு கலக்கும் அவ்வூரை அடையலாம். கோடை விடுமுறையிலும் பண்டிகை நாட்களிலும் அங்கே உல்லாசப் பயணிகள் கூட்டம் அலைமோதும். ஆனால், அவர்களைத் தங்க வைத்து, படுக்கை விரிப்பு மாற்றி, சோறாக்கிப் போட்டு, அவர்கள் விட்டுச் சென்ற குப்பையைக் கூட்டுகிறவர்களின் இல்லற வாழ்வை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அத்தகைய ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். பெயரைக் குறிப்பிட வேண்டாமென்று அவர்கள் கேட்டுக் கொண்டமையால் வீட்டுத் தலைவரைப் 'பெரியவர்' என்றே அழைப்போம். எழுபதைத் தாண்டியவர். இளமையில் தந்தி அலுவலகத்தில் பணியாற்றியவர். நம் நாட்டில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முடிவுக்கு வந்தபோது, வீட்டில் துக்கம் நேர்ந்தாற்போல் அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை என்று அவருடைய துணைவியார் நம்மிடம் கூறியதுண்டு. ஓய்வூதியப் பணத்தில் ஆற்றங்கரையைவிட்டுச் சற்று மேடான இடத்தில், பென்னாகரம் சாலையை ஒட்டி, நான்கு அறைகள் கொண்ட ஓட்டு வீடு ஒன்றைக் கட்டினார். அதுவே இன்று விருந்தினர் இல்லம்.

காலை ஐந்தரை மணிக்கு அவ்வீட்டில் நாள் தொடங்குகிறது. அம்மையார் வாசல் தெளித்துக் கோலமிடுவார். பெரியவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கொல்லைப்புறம் செல்வார். அங்கே ஒரு மழைமானி உண்டு. முந்தைய இரவு பெய்த மழையை அளந்து எழுதுவார். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். இந்தக் கணக்கைத் தங்க வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லாமல் விடமாட்டார். பிறகு குரங்குகளோடு போராட்டம். கொடியில் உலரும் விரிப்பையும் மேசைமீதுள்ள வாழைப்பழத்தையும் அவற்றிடமிருந்து காப்பது இவ்வூரில் ஒரு தனிக் கலை. விருந்தினர் விழித்தெழுந்ததும் முதலில் கேட்பது காப்பியா என்றால், இல்லை, வைஃபை கடவுச் சொல்! இரண்டாவதாகப் புட்டித் தண்ணீர். 'குழாய்த் தண்ணீரையே காய்ச்சித் தருகிறேன், அது காவிரி நீர்' என்று பெரியவர் சொன்னால் நம்பாமல் பார்ப்பார்கள். அப்போது அவர் தம் பற்களைக் காட்டுவார். சிறு வயதில் குடித்த கிணற்று நீரிலிருந்த ஃபுளோரைடால் பழுப்பேறிய பற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு தலைமுறையே அவ்விதம் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டு வாழ்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. பெரியவரின் பேத்திக்கோ முத்துப் போன்ற வெண்பற்கள்.

மாலையானால் பெரியவர் வேறொரு மனிதர். முன்னறையின் மூலையில் ஒரு மேசை. அதன்மேல் வானொலிப் பெட்டி, பன்னிரண்டு வோல்ட் மின்கலம், தந்தி அடிக்கும் பழைய பித்தளைச் சாவி. வீட்டின் கூரையிலிருந்து புளியமரம் வரை ஏறத்தாழ இருபது மீட்டர் நீளத்துக்குக் கட்டிய கம்பி. இவர் அரசுத் தேர்வெழுதி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கும் அழைப்புக் குறி அவருக்கு உண்டு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை, பேரன் பேத்திகளின் பெயரைச் சொல்லும்போதுகூட நாம் கண்டதில்லை.

மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இது எப்படிச் சாத்தியம் என்று நாம் வினவியதுண்டு. கைப்பேசி போன்றவற்றின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் மலை மறித்துவிடுகிறது. சிற்றலையோ மேலே எழும்பி, வானின் உயரத்தேயுள்ள மின்னூட்டம் பெற்ற காற்று மண்டலத்தில் பட்டு, வளைந்து, பல நூறு கல் தொலைவில் இறங்குகிறது. "சாமி, பக்கத்து ஊர் பென்னாகரம் எனக்குக் கேட்காது, கொழும்பு கேட்கும்" என்று அவர் சிரித்தார். முன்னாட்களில் லண்டன் பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியையும் கேட்டு, எழுதிப் போட்டு, அவை அனுப்பிய அட்டைகளை ஓர் இனிப்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றது. வேரித்தாஸின் சிற்றலை 2018 ஜூனில் ஓய்ந்தது. பெட்டி மட்டும் இருக்கிறது. போலந்து நாட்டுப் புனிதர் மாக்சிமிலியன் கோல்பேயும் அழைப்புக் குறி பெற்ற வானொலியாளரே என்று நாம் ஒருமுறை சொல்லப் போக, அன்று முதல் நம்மையும் தேர்வெழுதச் சொல்லி வற்புறுத்தி வருகிறார். நமக்கோ கைப்பேசியில் படம் அனுப்பவே பங்கு இளைஞர் ஒருவரின் துணை வேண்டியிருக்கிறது.

இப்பொழுதுபோக்கால் என்ன பயன் என்று கேட்போருக்கு அவர் 2004 டிசம்பரைச் சொல்வார். ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகத்தான் பாரதி பிரசாத் என்னும் வானொலியாளர் தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார். தொலைபேசிகள் செயலிழந்த அந்நாட்களில் அவர்களுடைய சிற்றலைக் கருவிகள் வழியாகவே தீவிலிருந்தவர்களின் நலச் செய்திகள் தாயகத்துக்கு வந்து சேர்ந்தன. பெரியவர் இரவெல்லாம் கண்விழித்து அவற்றைக் கேட்டவர்.

இதில் நாம் மதிக்கும் ஒரு நெறியும் உண்டு. அமெச்சூர் வானொலியில் வியாபாரம் பேசலாகாது. அது உரிமத்தின் நிபந்தனை. 'என் வீட்டில் அறை காலியாக இருக்கிறது, வாருங்கள்' என்று ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அவரும் சொல்வதில்லை. இருபதாண்டு நண்பர்களுக்குக்கூட அவர் விருந்தினர் இல்லம் நடத்துவது தெரியாதாம்.

அம்மையாருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு என்பதை மறைப்பது முறையாகாது. "நாலு அறையிலும் ஆள் இருக்கும்போது இவர் காதில் கருவியை மாட்டிக் கொண்டு உட்கார்ந்து விடுகிறார். மீன் கழுவுவதும் நான், வெந்நீர் வைப்பதும் நான், விருந்தாளியிடம் பேச்சு வாங்குவதும் நான். இவருக்கு ஊர் பேர் தெரியாதவன் குரல் மட்டும் தேன்!" என்று நம் முன்னிலையிலேயே சொன்னார். நாம் அம்மையார் பக்கமே தீர்ப்புச் சொன்னோம். ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, அதாவது இரவு உணவு வேளையில், பெட்டி மூடியிருக்க வேண்டும் என்று உடன்பாடாயிற்று. அவர் அதைப் பெரும்பாலும் கடைப்பிடிப்பதாகவே கேள்வி.

நோட்டுப் புத்தகத்தில் மழையோடு இன்னொரு கணக்கும் எழுதப்படுகிறது. அதுவே அவ்வீட்டின் பிழைப்பைத் தீர்மானிக்கும் கணக்கு. கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் உள்ளது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் என்று தீர்ப்பளித்தபோது, அது அளக்கப்பட வேண்டிய இடமாகச் சொல்லப்பட்டது பிலிகுண்டுலுவே. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் ஒரு டி.எம்.சி. தஞ்சை உழவனுக்கு இந்த எண் நெல். மேட்டூருக்கு அது நீர்மட்டம். ஒகேனக்கல் பரிசலோட்டிக்கோ அன்றைய கூலி. நீர்வரத்து மிகுந்தால் மாவட்ட நிருவாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதிக்கும். தடை வந்தால் பயணி இல்லை. பயணி இல்லையேல் பரிசலோட்டியும், எண்ணெய் தேய்ப்பவரும், மீன் பொரித்து விற்கும் பெண்களும், அறை வைத்திருப்போரும் கைகட்டி அமர வேண்டியதுதான்.

தடை தவறென்று நாம் சொல்ல மாட்டோம். மூங்கிலால் பின்னி, முன்பு தோலும் இன்று பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தித் தார் பூசிய வட்டக் கலம் அது. 2015 ஏப்ரலில் பரிசல் கவிழ்ந்து, உல்லாசமாக வந்த குடும்பத்தினர் உயிரிழந்த துயரத்தை அவ்வூர் மறக்கவில்லை. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் நீர்வரத்து 2 லட்சம் கன அடியைக் கடந்தது. ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று மேல். வினாடிக்கு எவ்வளவு என்று நம் மறைக்கல்வி மாணவர் பெருக்கிப் பார்க்கலாம்.

கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்ட செய்தி வந்தால், அது ஒகேனக்கல்லை வந்தடைய ஒன்றரை இரண்டு நாட்கள் ஆகின்றன என்பது பெரியவரின் நோட்டு சொல்லும் பாடம். ஆகவே மற்றவர் அறியுமுன் அவருக்குத் தெரிந்துவிடுகிறது, அடுத்த நாள் அருவிக்கு எவரும் போக முடியாதென்று. இந்த அறிவுதான் 2024 ஜூலையில் அக்குடும்பத்தில் ஒரு பிணக்கை மூட்டியது.

அம்மாதக் கடைசியில் வெள்ளம் பெருகி வந்தது. 30ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியை எட்டி நிரம்பியது என்றால் வாசகர் ஊகித்துக் கொள்ளலாம். அதற்கு முந்தைய வாரம் மூன்று அறைகளுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய குடும்பம் முன்பணம் அனுப்பியிருந்தது. பெரியவர் தொலைபேசியை எடுத்தார். ஓசூரில் பணிபுரியும் மகன் அன்று வீட்டிலிருந்தான். "அப்பா, அவர்கள் செய்தித்தாள் படிக்க மாட்டார்களா? நாமாகச் சொல்ல வேண்டுமா? வந்த பின்பு பார்த்துக் கொள்ளலாம். தூரத்தில் நின்று வெள்ளத்தைப் பார்ப்பதும் ஒரு காட்சிதானே" என்றான். வீட்டின்மீது வாங்கிய கடனுக்குத் தவணை கட்டுபவன் அவனே என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவன் பேச்சில் பேராசை இல்லை, கவலை இருந்தது.

பெரியவர் பேசிவிட்டார். பரிசல் இல்லை, குளியல் இல்லை, எப்போது திறக்குமென்றும் தெரியாது, வருவதும் வராததும் உங்கள் விருப்பம் என்றார். அவர்கள் வரவில்லை. முன்பணத்தைத் திருப்பினார். அடுத்த வாரமும் அவ்வாறே, அதற்கடுத்த வாரமும் அவ்வாறே. ஆகஸ்ட் மாதத் தவணையை மகன் தன் சம்பளத்திலிருந்து கட்டினான். மூன்று மாதம் தந்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாம் அவர்களை இணக்கப்படுத்தச் சென்றபோது, மனத்துக்குள் தந்தைக்கே சார்பாக இருந்தோம் என்று ஒப்புக் கொள்கிறோம். மகன் நம்மைத் தனியே அழைத்துச் சென்று ஒரு கேள்வி கேட்டான். "சாமி, உண்மை சொல்வது சரிதான். ஆனால் அந்த உண்மையின் விலையை யார் கட்டுவது என்று அப்பா ஒரு வார்த்தையாவது என்னிடம் கேட்டாரா?" நமக்கு உடனே விடை வரவில்லை. இதை அப்படியே பெரியவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பித்தளைச் சாவியைத் துடைத்துக் கொண்டிருந்தார். பிறகு, "கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

இப்போது ஏற்பாடு வேறு. விடுமுறைக் காலத்து வருவாயில் ஒரு பங்கை அம்மையார் தனியே எடுத்து வைக்கிறார். அதற்கு வீட்டில் 'தடைப் பணம்' என்று பெயர். பரிசல் தடைப்பட்டிருக்கும் மாதங்களின் தவணை அதிலிருந்து போகிறது. அறைக்குக் குளிர்சாதனம் பொருத்த வேண்டுமென்ற மகனின் கோரிக்கைக்குப் பெரியவர் இரண்டு அறைகள் மட்டும் என்று இறங்கி வந்திருக்கிறார். தொலைக்காட்சி மட்டும் வேண்டாமென்று இன்றளவும் பிடிவாதம். இதில் அவர் மிகையாகக் கண்டிப்புக் காட்டுகிறார் என்பது நம் எண்ணம். முதியோரோடு வரும் குடும்பங்களுக்கு மழை நாளில் அது ஓர் ஆறுதல் அல்லவா? ஆனால் ஆற்றங்கரையில் ஒலிபெருக்கி வைத்து ஆடுவோரையும், பாறையிடுக்கில் புட்டி உடைத்து எறிவோரையும் அவர் கடிந்து பேசும்போது நாம் முழு மனத்தோடு அவர் பக்கம்.

கடந்த மழைக் காலத்தில் நாம் அங்கே சென்றிருந்த மாலை, தடை என்று முன்கூட்டியே சொல்லியும் ஒரு குடும்பம் வந்து தங்கியிருந்தது. கணவன், மனைவி, பத்து வயதுச் சிறுமி. மின்சாரம் போய்விட்டது. கைப்பேசிக்கும் தொடர்பில்லை. சிறுமி சலிப்போடு முன்னறைக்கு வந்தாள். பெரியவர் மின்கலத்தை இணைத்து, அவள் காதில் கருவியைப் பொருத்தினார். இரைச்சல். பிறகு எங்கோ தொலைவிலிருந்து புள்ளியும் கோடுமாய் ஒலி. அவர் ஒரு தாளில் எழுத்து எழுத்தாக எழுதிக் கொண்டே வந்தார். அவள் குனிந்து படித்தாள். தாத்தா, அவர் யார், அவர் ஊரிலும் மழையா என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்று பெரியவர் சாவியைத் தட்டத் தொடங்கினார். மணி ஏழேகால். அடுக்களை வாசலில் அம்மையார் கரண்டியோடு நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.