வாட்டர்லூவுக்கு ஒரு தோப்பு

சென்ற ஆண்டுப் பாடசாலை விடுமுறையின்போது எமது தமக்கையாரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலே வாட்டர்லூச் சமர் நிகழ்ந்தது. 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி, இன்று பெல்ஜியம் எனப்படும் நாட்டில், முற்பகல் தொடங்கி இருட்டும்வரை நீடித்த அந்தச் சமர், மேசையில் இருபதே நிமிடத்தில் முடிந்துபோயிற்று.

விரித்த பச்சைத் துணிதான் போர்க்களம். ஓர் அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்கள், நகர்வை அளக்க ஓர் அடிமட்டம், சூட்டின் பலனைத் தீர்மானிக்க இரண்டு தாயக்கட்டைகள். எமக்கு வெல்லிங்டன் பிரபுவின் படை வாய்த்தது. பதினான்கு வயதுள்ள தமக்கை மகன் நெப்போலியன் ஆனான். அவனுடைய பீரங்கிகள் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் சுடலாம் என்பது விதி. வெறுந்துணியில் கண்ணுக்குத் தெரியாதது எது? எமது செங்கோட்டுப் படை நின்ற இடத்திலேயே விழுந்தது.

“ஒளிய இடமில்லாத வெளியிலே நின்றால் வேறு என்ன நடக்கும், மாமா?” என்றான் வெற்றி வீரன்.

மேசைப் போரில் மரம் அலங்காரப் பொருளன்று என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அது பார்வையை மறைக்கும், குதிரைப் படையின் வேகத்தைக் குறைக்கும், அணிவகுப்பைக் குலைக்கும். மெய்யான வாட்டர்லூவில் ஹூகூமோன் என்ற பண்ணைக்குத் தெற்கே ஒரு காடு இருந்தது. நெப்போலியனின் தம்பி ஜெரோமின் படையினர் மரத்துக்கு மரம் போராடி அதனைக் கைப்பற்றினர். கைப்பற்றி வெளியே வந்தவர்களுக்கு எதிரே, ஏறக்குறைய முப்பது யார் தூரத்தில், துப்பாக்கித் துளைகள் இட்ட மதிற்சுவர் நின்றது. காடு அவர்களுக்கு மறைவு கொடுத்தது உண்மை. அந்த மதிலையும் பிரெஞ்சுப் பீரங்கிகளின் கண்ணிலிருந்து மறைத்தது அதே காடுதான். அன்று மாலைவரை அந்தப் பண்ணை விழவில்லை. காட்டை நீக்கிவிட்டு இந்தக் கதையை எவ்வாறு ஆடுவது?

இந்த விளையாட்டு சிறுபிள்ளைத்தனமானது என்று எண்ணும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1812இல் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பவர் காடும் ஆறும் வீதியும் வார்த்த சிறு பலகைகளை மேசைமேல் பரப்பி ஆடும் போர் விளையாட்டொன்றைத் தம் அரசருக்கு அளித்தார். பின்னர் அவர் மகன் திருத்தியமைத்த விளையாட்டு பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சியிலே இடம்பெற்றது. அதனை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் அவர் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அவருடைய காடுகள், செடிகளிலிருந்து ஒடித்த கொப்புகளே. இதனைச் சிலமுறை ஆடிப்பார்த்தவர்க்கு மெய்யான போரின் மடமை விளங்கிவிடும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதலாம் உலக யுத்தம் மூண்டது.

இந்த வாதத்தை நாம் தமக்கையாரிடம் எடுத்துரைத்தோம். அவர் அசையவில்லை. “நாங்கள் பார்த்த யுத்தம் போதாதா, தம்பி? இனி இந்த வீட்டு மேசையிலும் வேண்டுமா?” என்றார். வன்னியிலிருந்து இரண்டு பைகளுடன் வந்தவர் அவர். நாம் மறுமொழி கூறவில்லை. சிறிது நேரங்கழித்து அவரே, “மரம் செய்வதென்றால் செய்யுங்கள். அதிலே பிழையில்லை” என்றார்.

மரத்தைச் செய்தே ஆகவேண்டிய நிலை. கடையில் விற்கும் மாதிரி மரங்களின் விலை அப்படிப்பட்டது. மரம் வாங்கினால் சிப்பாய் இல்லை; சிப்பாய் வாங்கினால் மரம் இல்லை. காடு என்று சொல்லத் தக்கதற்கு இருபது மரமாவது வேண்டாமா?

முதலில் அடிமரமும் கிளைகளும். கழித்துப்போட்ட மின்சார வயரின் உறையை உரித்தால் செப்பு இழைகள் கிடைக்கும். எட்டு அங்குல நீளத்தில் பதினைந்து இழைகளை ஒன்றாகப் பிடித்து, கீழே ஓர் அங்குலத்தை வேராக விரித்துவிட்டு, அதற்கு மேல் இரண்டு அங்குலத்தைக் குறட்டால் முறுக்குக. அது அடிமரம். எஞ்சியதை மூன்றாகவும், ஒவ்வொன்றையும் மீண்டும் இரண்டாகவும் பிரித்து முறுக்கினால் கிளைகளாகும். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் மரத்தூளைக் குழைத்து அடிமரத்தின்மேல் பூசினால் பட்டை உண்டாகும். காய்ந்த பின்னர் சாம்பல் கலந்த மண்ணிறம் தீட்டவேண்டும். மரமென்றாலே கடும் மண்ணிறம் என்று நினைப்பது தவறு. ஒருமுறை வெளியே சென்று ஒரு மரத்தை உற்றுப் பாருங்கள்.

கம்பி முறுக்கப் பொறுமை இல்லாதவர்கள், பட்டுப்போன மிளகாய்ச் செடியின் வேரைக் கழுவிக் காயவைத்துத் தலைகீழாக நிறுத்தலாம். ஹூகூமோனின் பழத்தோட்டத்து அப்பிள் மரங்களை நாம் அவ்வாறே செய்தோம்.

இலைக்கு வருவோம். இங்கிலாந்தில் இந்தக் கலையில் ஈடுபட்டோர் நெடுங்காலமாக இறப்பரூட்டிய குதிரைமயிரைப் பிய்த்து இலைத்திரளாக ஒட்டிவந்தனர். நம் நாட்டில் அதற்கு இணையான பொருள் காலடியில் கிடக்கிறது. அதுதான் இறப்பரூட்டிய தும்பு மெத்தை. பழைய மெத்தையின் ஒரு மூலை ஒரு காட்டுக்குப் போதும். அதனை விரலால் இழைஇழையாகத் தளர்த்தி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கிக் கிளைகளில் செருகவேண்டும். தண்ணீர் கலந்த பசையை அதன்மேல் தெளித்து, பச்சைச் சாயமேற்றிய மரத்தூளைத் தூவினால் இலை தழைத்துவிடும்.

மரத்தூளை அரிதட்டில் அரித்து, நீர்விட்ட வர்ணத்தில் ஊறவைத்து, பழைய பத்திரிகையின்மேல் பரப்பி உலர்த்துக. (இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த பின்னர் பயன்படுத்தலாம்.) ஒரே பச்சை போதாது. கடும்பச்சை, இளம்பச்சை, மஞ்சள் கலந்த பச்சை என மூன்று வேண்டும். கீழ்ப்புறத்தில் கடும்பச்சையும் உச்சியில் மஞ்சட்பச்சையும் தூவினால், வெயில் மேலிருந்து விழுவதுபோலத் தோன்றும். எமது தமக்கையார் வந்து கைவைத்தது இந்த இடத்திலேதான். சேலைக்குச் சாயமிட்டுப் பழகிய கை அது. எம்முடைய பச்சையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது இலையில்லை, சவர்க்காரம்” என்று சொல்லி, சிறிது சிவப்பு மையைக் கலந்து அடக்கிவிட்டார்.

எமது தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். முதலில் சிக்கனம் கருதிக் கோதுமை மாப் பசையைக் கையாண்டோம். இரண்டாம் நாள் எறும்புப் படை மேசையேறியது. இங்கிலாந்து, பிரான்ஸ் என்ற பேதம் அதற்கு இல்லை. அடுத்து, தரையில் உதிர்ந்த சருகுக்காகத் தேயிலைச் சக்கையைப் பயன்படுத்தினோம். யோசனை நல்லதே, சருகுக்கு அதைவிடப் பொருத்தமான பொருளை நாம் காணவில்லை. ஆனால் ஈரம் முற்றாகப் போகுமுன் ஒட்டியதால், ஒரு வாரத்தில் காடு முழுவதும் வெண்பூஞ்சணம் பூத்தது. சாயம் இறங்காதவரை அலசி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்த பின்னரே ஒட்டுக.

உயரத்தைப் பற்றிப் பையனுக்கும் எமக்கும் ஒரு வழக்கு நடந்தது. ஆறடி மனிதன் ஓர் அங்குலமானால் அறுபதடி மரம் பத்து அங்குலம் இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் பத்து அங்குல மரம் சட்டைக் கையில் தட்டுப்பட்டுச் சாயும். அதன் நிழலில் சிப்பாய் தொலைந்துபோவான். ஐந்து அங்குலத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒவ்வொரு மரத்தின் வேரையும் ஓர் இரும்பு வளையத்தில் ஒட்டினால் கனத்தால் நிலைத்து நிற்கும். பழுதான இறுவட்டொன்றை மண்ணிறமாக்கி அதன்மேல் நான்கு மரங்களை ஒட்டாமல் வெறுமனே நிறுத்தவேண்டும் என்பது முக்கியம். படை காட்டுக்குள் நுழையும்போது மரங்களை எடுத்து அப்பால் வைக்கலாம். காட்டின் எல்லையை இறுவட்டே காட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு மரத்தைத் தனியாகச் செய்தோம். வாட்டர்லூவில் வீதிகள் சந்திக்கும் இடத்தில் ஓர் எல்ம் மரம் நின்றது. சமர் நாளின் பெரும்பகுதியை வெல்லிங்டன் அதன் அருகிலேதான் கழித்தார். பின்னர் வந்த பார்வையாளர்கள் ஞாபகார்த்தமாகப் பட்டையையும் கொப்பையும் பிய்த்துச் சென்று அதனைப் பாழாக்கினர். 1818இல் மரம் வெட்டப்பட்டது. அதன் பலகையிலிருந்து செய்த நாற்காலியொன்று நான்காம் ஜோர்ஜ் மன்னருக்கு அளிக்கப்பட்டது. இதனைக் கேட்ட பையன், எமது எல்ம் மரத்துக்கு மட்டும் இருபது இழை வைத்து முறுக்கினான்.

இரண்டாவது சமர் இரண்டரை மணி நேரம் நடந்தது. காட்டுக்குள் போன அவனுடைய நான்கு அணிகளில் ஒன்றே வெளியே வந்தது. அதற்காக வெற்றி எமதாகிவிடவில்லை. அவன் வேறு வழியாக வந்தான்.

மரங்கள் இப்போது சப்பாத்துப் பெட்டி இரண்டில், அந்துருண்டை இட்டு, கட்டிலின் கீழே இருக்கின்றன. பெட்டியில் அடங்காதவை மூன்று. மிஞ்சிய கம்பியைக் கண்ட தமக்கையார், “பனை செய்ய முடியாதா?” என்று கேட்டார். கிளையில்லாத மரமாகையால் அது சுலபம். பென்சில் துண்டின்மேல் தும்புக் கயிற்றை நெருக்கிச் சுற்றிக் கருமை தீட்டி, கடதாசியை விசிறியாக மடித்து நறுக்கி உச்சியில் ஒட்டினோம். ஓலைகளை அவரே வெட்டினார். வாட்டர்லூவில் பனைக்கு இடமில்லை என்று பையன் சொன்னான். அவை அவருடைய அறையின் யன்னற் கட்டில் நிற்கின்றன.