தூக்குவது வேறு, தாங்குவது வேறு

செகந்தராபாத்தை அடுத்த மல்காஜ்கிரியில் குடியேறிய தமிழருக்கு லாலாகுடா இரயில்வே பட்டறை புதிதன்று. நிஜாம் இரயில்வேக் காலத்தில், 1893-இல், அது நிறுவப்பெற்றது. இரயில்வே பட்டறைகளில் ஒரு முறை உண்டு. பெட்டியைக் கிரேனாலோ ஜாக்கிகளாலோ உயர்த்துவர். உயர்த்தியதும் உறுதியான இரும்புத் தாங்கிகளின்மீது அமர்த்துவர். தூக்கும் கருவி வேறு, தாங்கும் கருவி வேறு என்பதே அம்முறையின் உட்பொருள். வீட்டு முற்றத்தில் காரை உயர்த்தி அதனடியில் படுத்து வேலை செய்ய முற்படும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இதனைத்தான்.

சிறிய கார்களுள் பலவும் முக்கால் டன்னுக்குக் குறையா. அத்துணைப் பளுவை ஒருவர் கையால் உயர்த்துவது எங்ஙனம்? எண்ணெய் ஜாக்கியில் சிறிய உருளையை நாம் அழுத்துகிறோம். அவ்வழுத்தம் எண்ணெய் வழியே பெரிய உருளையை அடைகிறது. அதன் பரப்பு எத்தனை மடங்கு பெரிதோ, விசையும் அத்தனை மடங்கு பெருகுகிறது. பாஸ்கல் கண்ட இத்தத்துவத்தைக் கொண்டு பிராமா என்னும் ஆங்கிலேயர் 1795-இல் நீரழுத்த எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், உயர்த்திய பளுவை அந்நிலையில் நிறுத்துபவை ஒரு சிறு வால்வும் ரப்பர் வளையமுமே. வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் வண்டி இறங்கிவிடும். காருடன் வரும் திருகு ஜாக்கியோ குறுகிய அடியுடையது. சக்கரம் மாற்ற அது போதும். பக்கவாட்டில் அசைவு நேர்ந்தால் சாய்ந்துவிடும்.

தரையும் கவனத்திற்குரியது. ஹைதராபாத் வட்டார முற்றங்களில் ஷாஹாபாத் கல் பாவுவது வழக்கம். நம் வீட்டில் ஒருமுறை, கல்லின் அடியில் மணல் சரிந்து வெற்றிடமாயிருந்ததை அறியாது ஜாக்கியை வைத்தோம். கல் பிளந்தது, ஜாக்கி சாய்ந்தது, கார் தடாலென்று இறங்கியது. அடியில் அப்போது எவரும் இல்லாததனால் இதனை எழுதும் பேறு பெற்றோம்.

எனவே, சமமான, கெட்டியான தரையைத் தேர்ந்து கொள்க. அடுத்தது முட்டுக் கொடுத்தல். திருவாரூர்த் தேரோட்டத்தைக் கண்டவர்க்கு முட்டுக்கட்டையின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களையே பற்றும். பின்பகுதியை உயர்த்தினால் அப்பிரேக்கால் பயனில்லை. ஆதலால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் இன்றியமையாதது. சக்கரத்தைக் கழற்றுவதாயின், வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக் கொள்க.

பின்னர், காருடன் தரப்பெற்ற கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கியை வைத்து உயர்த்துக. பளுவின் அளவு குறிக்கப்பெற்ற இரும்புத் தாங்கிகள் இரண்டினை ஒரே உயரத்தில் நிறுத்தி, வண்டியை மெல்ல அவற்றின்மீது இறக்குக. செங்கல்லும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் உதவா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் விளிம்புக்கு அடியில் கிடத்துவது மற்றுமொரு காப்பாகும். இறுதியாக, வெளியே நின்று இரு கைகளாலும் வண்டியை அசைத்துப் பார்க்க வேண்டும். விழுவதாயின் அது அப்பொழுதே விழட்டும்.

வண்டிக்கடியில் செல்லும்போது துணைக்கு ஒருவர் அருகிருத்தல் நலம், எஞ்சின் ஓடலாகாது. தாங்கிகள் கைவசம் இல்லையெனில், அன்றைய வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவோம். கூலி மிச்சமாவதைவிட ஆள் மிச்சமாவது பெரிது.